பற்று எழுத மறந்த கணக்கு

உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. 'இன்னிக்கு எங்க ஆளு சரியாப் பேசலைங்க' என்று கடைசியாக எப்போது வாய்விட்டுச் சொன்னீர்கள்?

யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை. யோசிக்க நேரமாகிறது என்றாலே பதில் கிடைத்துவிட்டது!

ராத்திரி எட்டு மணிக்கு மேல் எந்தத் தெருவில் நடந்தாலும் ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் வரும். டி.வி. திரையில் நாலு கட்டம், நாலு முகம். நடுவில், எல்லோரையும் கையமர்த்திக் களைத்துப்போன நெறியாளர். நம் கட்சிக்காரர் பேசும்போது நம் தலை தானாக ஆடுகிறது. எதிர்க்கட்சிக்காரர் தொண்டையைச் செருமினாலே, 'ஆரம்பிச்சுட்டான்டா பொய்யை' என்று வாய் முணுமுணுக்கிறது.

கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நம்ம ஆள் குறுக்கே பேசினால், 'விடாம மடக்கறாரு பாரு!' எதிராளி குறுக்கே பேசினால், 'நாகரிகம் தெரியாதவன், பேசவே விடமாட்டேங்கறான்!' நம்ம ஆள் பதில் சொல்லாமல் நழுவினால் சாமர்த்தியம். எதிராளி நழுவினால் மழுப்பல். நம்ம ஆள் கத்தினால் அது நியாயமான கோபம். எதிராளி கத்தினால் தோல்வி பயம். ஒரே செயல்தான். ஆனால், அகராதி மட்டும் இரண்டு.

மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனால் வேடிக்கை முழுசாகிவிடும். இந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரும் ஜெயித்துவிட்டார், அந்த பெஞ்சில் இருப்பவரும் ஜெயித்துவிட்டார். ராத்திரி தோற்றது யார் என்றுதான் கடைசிவரை தெரியாது.

சரி, இது நம் ஊர்க் கூத்து. விவாதத்துக்கே பேர் போன நாடு ஒன்று இருக்கிறதே, அங்கே எப்படி?

அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளர்கள் டி.வி-யில் நேருக்கு நேர் நிற்பது 1960-ல் ஆரம்பித்தது. அந்த வருடம் செப்டம்பர் 26-ம் தேதி கென்னடியும் நிக்ஸனும் மோதியதைச் சுமார் ஏழு கோடிப் பேர் பார்த்தார்கள். நம் ஊரில் பிரதமர் பதவிக்குப் போட்டியிடும் இரண்டு பேர் அப்படி ஒரே மேடையில் நின்றது இதுவரை இல்லை. 2009-ல் அத்வானி கூப்பிட்டார், மன்மோகன் சிங் வரவில்லை. 2024-ல் முன்னாள் நீதிபதிகள் மதன் லோகூர், ஏ.பி.ஷா, பத்திரிகையாளர் என்.ராம் மூவரும் மோடிக்கும் ராகுலுக்கும் கடிதம் எழுதினார்கள். ராகுல் சம்மதித்தார். விவாதம் நடக்கவில்லை.

அதே 2024-ம் வருடம் ஜூன் 28-ம் தேதி, நமக்குக் காலை ஆறரை மணி. அமெரிக்காவில் அது 27-ம் தேதி ராத்திரி. அட்லாண்டா நகரில் ஒரு ஸ்டூடியோ. பார்வையாளர்கள் இல்லாத அரங்கம். ஒரு பக்கம் 81 வயது பைடன், இன்னொரு பக்கம் 78 வயது டிரம்ப். தொண்ணூறு நிமிடம். பிள்ளை டல்லாஸிலோ நியூஜெர்ஸியிலோ இருக்கிற பல தமிழ் வீடுகளில் காலை காபியோடு அன்றைக்கு அதுதான் ஓடியது. ஓட்டு நமக்கு இல்லை. ஆனால், கட்சி மட்டும் எப்படியோ இருந்தது!

பைடனின் குரல் கட்டியிருந்தது. பேசிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் தொடர்பு அறுந்து நின்றார். சொல்ல வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று. டிரம்ப் தெம்பாகப் பேசினார். அவர் அடுக்கியவற்றில் பல தகவல்கள் தப்பு என்று பத்திரிகைகள் பட்டியல் போட்டது பிறகு. ஆனால், அந்த நேரத்துக்கு மேடை அவர் கையில் இருந்தது.

முடிந்த கையோடு சி.என்.என். ஒரு கருத்துக் கணிப்பு எடுத்தது. விவாதத்தைப் பார்த்தவர்களில் 67 சதவிகிதம் பேர் டிரம்ப்தான் நன்றாகச் செய்தார் என்றார்கள். 33 சதவிகிதம் பேர் பைடன் என்றார்கள். இதையே கட்சி வாரியாகப் பிரித்தால் இன்னும் சுவாரஸ்யம். டிரம்ப் ஆதரவாளர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே தங்கள் ஆள்தான் என்றார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. பைடன் ஆதரவாளர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர், 'எங்க ஆளுதான் ஜெயிச்சாரு' என்றார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது தடுமாறியவரைப் பற்றி! மீதி மூன்று பேர்தான், 'இல்லைங்க, இன்னிக்கு எங்க ஆளு சரியில்லை' என்றவர்கள்.

நான் சொல்ல வருவது அந்த மூன்று பேரைப் பற்றித்தான். அதற்கு முன்னால், அந்த ஏழு பேர் பொய் சொன்னார்களா என்று பார்த்துவிடலாம்.

பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். 1951 நவம்பரில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் என்ற இரண்டு பல்கலைக்கழக அணிகள் கால்பந்து ஆடின. நம் கால்பந்து அல்ல... மோதி, இடித்து ஆடும் அவர்கள் ஊர்க் கால்பந்து. ஒருவருக்கு மூக்கு உடைந்தது, இன்னொருவருக்குக் கால் முறிந்தது. பிறகு ஹேஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரண்டு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த விதிமீறல்கள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது, டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்!

ஒரே படம்தான். யாரும் வேண்டுமென்று கணக்கைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவரவர் கண்ணுக்குத் தெரிந்ததை எண்ணினார்கள். நாம் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு கட்சி சேருகிறோம் என்று நினைக்கிறோம். கண்ணே கட்சியில் உறுப்பினர் என்பது நமக்குத் தெரிவதில்லை.

அமெரிக்காக்காரனைப் பார்த்துச் சிரிக்க நமக்கும் தகுதி இல்லை. இதற்கு ஒரு பழைய ஊர்ச் சாட்சி உண்டு. காஞ்சிபுரம்!

ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்மப் பல்லவன் எழுதிய 'மத்தவிலாசம்' என்ற கேலி நாடகம் நடப்பதே காஞ்சி வீதியில்தான். ஒரு காபாலிகனின் கபாலம் காணாமல் போய்விடுகிறது. அதுதான் அவனுக்குப் பிச்சைப் பாத்திரம். எதிரே வந்த புத்த பிக்குவைப் பிடித்துக்கொண்டு, 'நீதான் திருடினாய்' என்கிறான். பிக்கு தன் பாத்திரத்தை எடுத்துக் காட்டுகிறார். அப்படியும், 'இது என்னுடையதுதான்' என்று சாதிக்கிறான். பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதர் வருகிறார். வாதம் மேல் வாதம். கடைசியில் பார்த்தால், கபாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு தெருநாய்! பைத்தியக்காரன் ஒருவன் கையில் அது வந்து சேர, விஷயம் வெளிச்சமாகிறது.

கண்முன்னே காட்டினாலும் ஒப்புக்கொள்ளாத புத்தியை ஒரு ராஜா உட்கார்ந்து நாடகமாக எழுதியிருக்கிறான் என்றால், அன்றைக்கே ஊரில் அது எவ்வளவு மலிந்திருக்க வேண்டும்! அதே காஞ்சியில் வரதராஜப் பெருமாள் கோயிலில், யார் முன்னால் நின்று பாடுவது என்று வடகலைக்கும் தென்கலைக்கும் நடக்கும் வழக்கு நூறு வருடத்துக்கும் மேலாகக் கோர்ட்டு படி ஏறி இறங்கியிருக்கிறது. இரண்டு தரப்புக்கும் பெருமாள் ஒருவர்தான்.

அப்படியானால், அடுத்த தரப்பைக் காது கொடுத்துக் கேட்கவே நமக்குத் தெரியாதா? தெரியும். பட்டிமன்றத்தைப் பாருங்கள். சாலமன் பாப்பையா நடுவில் உட்கார்ந்திருப்பார். மாமியார்தான் என்று ஒரு அணி, மருமகள்தான் என்று ஒரு அணி. இந்த அணி பேசும்போது கைதட்டுகிறோம். அந்த அணி பேசும்போதும் அதே கையால் தட்டுகிறோம். 'ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல' என்று பக்கத்து ஸீட்காரரிடம் சொல்கிறோம். அதே நாம், அரசியல் விவாதம் என்று வந்தவுடன் ஒரு காதைப் பொத்திக்கொள்கிறோம். பட்டிமன்றத்தில் தோற்றால் நமக்கு ஒன்றும் போகப்போவதில்லை. அரசியலில் தோற்றால் ஏதோ ஒன்று போகிறது. அது என்ன?

அதைப் புரியவைத்தவர் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் ஒரு நெசவாளர். அறுபதைத் தாண்டியவர். பெயர் வேண்டாம். எந்தக் கட்சி என்றும் கேட்காதீர்கள். எந்தக் கட்சி என்று சொன்னால் நீங்கள் பாதிப் பேர் அவர் பக்கமும், பாதிப் பேர் அவர் தம்பி பக்கமும் சேர்ந்துவிடுவீர்கள்!

காஞ்சிபுரம் பட்டில் 'கோர்வை' என்று ஒரு வேலைப்பாடு உண்டு. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி இழையால் நெய்துகொண்டே, சேரும் இடத்தில் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு போகவேண்டும். ஒரு ஆள் கை போதாது. தறியில் ஒருவர் உட்கார்ந்தால், அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா போட இன்னொருவர் வேண்டும். இவருக்குச் சின்ன வயசிலிருந்து அப்படி உட்கார்ந்தவர் தம்பி. பிறகு தம்பிக்கும் தனித் தறி வந்தது. இருந்தாலும், பெரிய கரை வைத்த கல்யாணப் புடவை ஆர்டர் என்றால் அண்ணனும் தம்பியும் ஒரே தறியில்தான்.

அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. அதுவும் பல வருடக் கதை. தறியில் உட்கார்ந்தபடியே சண்டை போடுவார்கள், சாப்பிடும்போது சரியாகிவிடுவார்கள். 2021 சட்டமன்றத் தேர்தல் சமயத்தில் ஒரு ராத்திரி, டி.வி. விவாதம் பார்த்துக்கொண்டிருந்தபோது வார்த்தை தடித்துவிட்டது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. தம்பி அதற்கப்புறம் அந்தத் தறிப் பக்கம் வரவில்லை. பெரியவர் இப்போது கோர்வை இல்லாத புடவைதான் நெய்கிறார். அதற்குக் கூலியும் குறைச்சல்.

"அப்படி என்னதான் ஐயா நடந்தது?" என்று கேட்டேன்.

"எங்க கட்சி சார்பா ஒருத்தர் வந்து உக்காந்தாரு சார். கேட்ட கேள்விக்கு பதில் இல்ல. சும்மா உளறிக்கினு இருந்தாரு. எனக்கே தெரிஞ்சிது. தம்பி சிரிச்சான். சத்தமா சிரிச்சான் சார். அந்தச் சிரிப்புக்கு அப்புறம், ஆமாண்டா, தப்புதான்னு நான் எப்படிச் சொல்லுவேன்? 'உங்க ஆளுங்க யோக்கியமா'ன்னு ஆரம்பிச்சேன். எங்கேயோ போய் நின்னுடிச்சு."

கவனித்தீர்களா? 'எனக்கே தெரிஞ்சிது.' கண் மறைக்கவில்லை. காது அடைக்கவில்லை. தெரிந்தே மறுத்தார். காரணம், எதிரே ஒருவர் சிரித்தார்.

கட்சி விசுவாசிகள் என்றாலே முட்டாள்கள் என்று நினைப்பது படித்தவர்களிடம் ஒரு ஃபேஷன். அது அவ்வளவு சுலபமில்லை. ஒருவர் தப்பை ஒப்புக்கொள்ள வாய் திறக்கும் நேரத்தில் நாம் சிரித்துவிட்டால், கதவை அடைத்தது நாமும்தான்.

"அப்போ கட்சியையே விட்டுட வேண்டியதுதானே?" என்றேன், அசட்டுத்தனமாக.

"இன்னா சார் நீங்க... சட்டையா மாத்திக்கிறதுக்கு? எங்க அப்பா காலத்துல, நாங்க பசியில கெடந்தப்போ வந்து நின்னவங்க சார். டி.வி.ல ஒருத்தன் உளறினான்னு அதெல்லாம் இல்லன்னு ஆயிடுமா?"

இது கனமான பதில். இதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. தமிழ்நாட்டில் கட்சிப் பற்று என்பது சும்மா வந்ததில்லை. 1953-ல் நெய்த துணி விற்காமல் நெசவாளர்கள் தவித்தபோது, தி.மு.க. தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். அதைப் பார்த்த குடும்பம் மறக்காது. காமராஜர் ஆட்சியில் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு சாப்பிட்டுப் படித்த பிள்ளை மறக்காது. 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவில் வளர்ந்த பிள்ளையும் மறக்காது. மூன்றும் உண்மையான கடன். நன்றி மறக்காதே என்று சொல்லி வளர்த்துவிட்டு, விசுவாசமாக இருக்காதே என்று எப்படிச் சொல்வது?

மேலும், ஒரு விவாதத்தில் தடுமாறுவது ஆட்சியில் தடுமாறுவது ஆகாது. வாய் வீச்சு வேறு, நிர்வாகம் வேறு. ஒரு ராத்திரி நன்றாகப் பேசியவருக்கு ஓட்டைத் தூக்கிப் போடுகிறவரைவிட, பல வருட அனுபவத்தை வைத்து ஒரு கட்சியோடு நிற்பவர் புத்திசாலியாகவே இருக்கலாம். 2024 ஜூன் விவாதத்தைப் பார்த்தவர்களில் பத்தில் எட்டுப் பேர், 'இதனால் என் ஓட்டு மாறாது' என்றார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆக, கட்சிப் பற்று தப்பில்லை. பிறகு எதுதான் தப்பு?

நான் பி.காம். படித்தவன். முதல் வருடம் கணக்குப் பதிவியல் வகுப்பில் ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. டெபிட்டுக்குத் தமிழில் என்ன? 'பற்று'. கிரெடிட்டுக்கு? 'வரவு'. தேசப் பற்று, மொழிப் பற்று, கட்சிப் பற்று என்கிறோமே... அதே பற்று! பாசத்துக்கும் கடனுக்கும் தமிழ் ஒரே வார்த்தையை வைத்திருக்கிறது.

ஆள் பெயரில் கணக்கு எழுத ஒரு எளிய விதி சொல்லிக்கொடுப்பார்கள். கொடுப்பவருக்கு வரவு வை, வாங்குபவருக்குப் பற்று வை. அவ்வளவுதான். பற்று என்றால் அவமானம் இல்லை. மளிகைக் கடை நோட்டில் நம் பெயருக்குக் கீழே பற்று இருப்பதால் நாம் கெட்டவர்களாகிவிடுவதில்லை. ஆனால், பற்று எழுதாத நோட்டை வைத்துக்கொண்டு எந்தக் கடையும் நடத்த முடியாது.

நம் தலைவர் பெயரில் நாம் வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். அவர் கொடுத்தது எல்லாம் வரவில் ஏறியிருக்கிறது. சோறு, படிப்பு, மானம், மரியாதை... ஏறட்டும், அது நியாயம். அவர் நம்மிடம் வாங்கியது? நம் ஓட்டு, நம் உழைப்பு, நம் நம்பிக்கை. கேட்ட கேள்விக்குச் சொல்லாமல் விட்ட பதில். இதெல்லாம் எழுதவேண்டிய பக்கம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. எதிர்க்கட்சித் தலைவர் பெயரில் இருக்கும் கணக்கோ தலைகீழ். பற்று பக்கம் பேனா மை தீர்ந்துவிட்டது, வரவு பக்கத்தில் ஒரு புள்ளி இல்லை. இரண்டு கணக்குமே தணிக்கையில் நிற்காது. கட்சிப் பற்று நிறைய இருக்கிறது. கணக்கில் எழுதவேண்டிய பற்றுதான் இல்லை.

திருவள்ளுவர் 'நடுவு நிலைமை' என்று ஓர் அதிகாரம் எழுதினார். அதில் கடைசிக் குறளை யாருக்குச் சொன்னார் தெரியுமா? வியாபாரிக்கு! அடுத்தவன் பொருளையும் உன் பொருள் மாதிரியே நினைத்து நடந்துகொள் என்கிறார். யோசித்துப் பாருங்கள். வியாபாரிக்குச் சொந்தக் கடை இருக்கிறது, லாபம் வேண்டும், அவன் தன் பக்கம்தான் நிற்கிறான். கடையை மூடிவிட்டு வா, அப்போதுதான் நீ நடுநிலை என்று வள்ளுவர் சொல்லவில்லை. வாங்கும்போதும் விற்கும்போதும் ஒரே தராசு வை என்றுதான் சொல்கிறார். நடுநிலை என்றால் எந்தப் பக்கமும் இல்லாமல் மதில்மேல் உட்காருவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதில்லை. உன் பக்கத்திலேயே நில். தராசை மட்டும் மாற்றாதே.

'சார், கேட்க நல்லா இருக்கு. நான் மட்டும் ஒத்துக்கிட்டா, அவன் அதை வெச்சே என்னை அடிப்பானே?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

அடிப்பான். மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவில் என்ன ஆயிற்று? அந்த விவாதத்துக்குப் பிறகு பைடனின் சொந்தக் கட்சிக்காரர்களே ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஜூலை 21-ம் தேதி அவர் போட்டியிலிருந்து விலகினார். கமலா ஹாரிஸ் வந்தார். அவர் தாத்தாவின் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் கோயிலில் பூஜை நடந்தது. நவம்பரில் டிரம்ப் ஜெயித்தார். தப்பை ஒப்புக்கொண்ட கட்சி தோற்றது. ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் ஜெயித்திருக்குமா என்றால், அதுவும் யாராலும் சொல்ல முடியாது. உண்மை சொன்னால் உடனே பரிசு கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

பிறகு எதற்குச் சொல்லவேண்டும்?

சொன்னால் எடுபடுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான் என்பதற்காக. எதிர்க்கட்சிக்காரர் ஆயிரம் குறை சொன்னாலும் தலைவர் காதில் ஏறாது. 'அவன் அப்படித்தான் சொல்லுவான்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார். எந்தக் கட்சியும் சாராத என்னைப் போன்றவன் எழுதினால், 'பத்திரிகைக்காரனுக்கு வேறென்ன வேலை' என்பார். ஆனால், முப்பது வருடம் கொடி பிடித்த ஒருவர், 'தலைவரே, நேத்து நம்ம ஆளு சொன்னது தப்பு' என்று சொன்னால் அதைத் தள்ள முடியாது. பைடன் விஷயத்தில் வேலை செய்தது டிரம்ப் கட்சியின் கேலி அல்ல. அதை அவர்கள் பல வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். சொந்த வீட்டுக்காரர்கள் சொன்னபோதுதான் அசைந்தது.

பற்று உள்ளவருக்குத்தான் பற்று எழுதும் உரிமை. எழுதாமல் விட்டால், கணக்கு பார்க்க அந்தக் கட்சிக்கு யாருமே இல்லை. காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களைப் பாருங்கள். அதே கடையில் மூன்று தலைமுறையாக எடுக்கிற குடும்பமாக இருக்கும். ஆனாலும் பாட்டி ஜரிகையைச் சுரண்டிப் பார்ப்பாள். உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்குவாள். கடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. தெரியாத கடையாக இருந்தால் பாட்டி சுரண்டிப் பார்க்க மாட்டாள், எழுந்து போய்விடுவாள்!

பற்று இப்படி என்றால், எதிராளிக்கு வரவு எழுதுவதற்கும் காஞ்சிபுரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அந்த ஊர்ப்பிள்ளை அண்ணா. 1943-ல், கம்பராமாயணத்தை எரிக்கவேண்டும் என்ற தரப்பில் நின்று, சொல்லின் செல்வர் ரா.பி.சேதுப்பிள்ளையோடு மேடையில் வாதாடினார். அதே அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் சிலைகள் வைத்தார்கள். அவற்றில் ஒன்று கம்பருடையது! அண்ணா தன் கொள்கையைக் கைவிட்டார் என்று நான் சொல்லவில்லை. கம்பர் பெயரில் அவர் வைத்திருந்த கணக்கில் பற்று மட்டும் இல்லை, வரவுக்கும் இடம் இருந்தது என்கிறேன். மாற்றான் தோட்டத்து மல்லிகையைப் பற்றி அவர் சொன்னதை மேடைதோறும் சொல்கிறோம். மல்லிகையை முகர்ந்து பார்க்கத்தான் ஆளில்லை.

எதிராளிக்கு ஒரு வரி வரவு எழுதினால் இன்னொரு நன்மையும் உண்டு. அவரும் தன் கணக்கில் ஒரு வரி பற்று எழுதத் துணிவார். பிள்ளையார்பாளையத்துத் தம்பி அன்றைக்குச் சிரிப்பதற்குப் பதில், 'அண்ணே, அவரு சொன்ன அந்த ஒரு விஷயம் சரிதான்... ஆனா, இதுக்கு பதில் சொல்லலையே?' என்று கேட்டிருந்தால்? பெரியவர், 'ஆமாண்டா' என்று சொல்லியிருக்கக் கூடும். இரண்டு பேரும் மறுநாள் அவரவர் கட்சிக்கே ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, ஒரே தறியில் உட்கார்ந்திருக்கலாம்.

அதனால், ஒரு சின்ன வேலை தருகிறேன். கட்சி மாறச் சொல்லவில்லை. சேனல் மாற்றக்கூடச் சொல்லவில்லை. அடுத்த முறை டி.வி. விவாதம் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. நிகழ்ச்சி முடிவதற்குள் இரண்டே இரண்டு வரி எழுதவேண்டும். நம்ம ஆள் பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வி, இடது பக்கம். எதிராளி சொன்னதில் நியாயமான ஒரு விஷயம், வலது பக்கம். 'யார் ஜெயிச்சா?' என்ற கேள்வியை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

முதல் நாள் பேனா ஓடாது. கை கூசும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று காகிதத்தை மடித்து வைக்கத் தோன்றும். பரவாயில்லை, மடித்தே வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அதற்கப்புறமும் அதே கட்சியில் இருந்தால், தெரிந்தே இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பெண்டாட்டி பிள்ளைகளிடம் காட்டவேண்டும் என்றுகூட இல்லை. ஆனால், கூடப் பிறந்தவர் யாராவது எதிர்க்கட்சியில் இருந்தால், அவரிடம் அந்த இடது பக்கத்தை ஒருமுறை காட்டுங்கள். அவர் சிரிக்காமல் இருக்கவேண்டியது அவர் பொறுப்பு!